வரோம் என்றார் அத்தான்

என் அத்தான் பொய் சொன்னார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அவர் சொன்னது ஒரே ஒரு சொல். வரோம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு விமானங்களையும் எட்டு ஆட்களையும் ஆகாயத்தில் அம்போவென்று விட்டுவிட்டு வந்து, காலை நீட்டி டீ குடித்தார். நானும் அந்த ஆகாயத்தில்தான் இருந்தேன். நான் அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

எங்கள் வேலை காவல். குண்டு போடப் போகும் பெரிய விமானங்களுக்கு மேலும் பக்கத்திலும் பறந்து, எதிரி அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குண்டு விமானங்களை நாங்கள் எருமைகள் என்போம். அவர்கள் எங்களைக் கொசுக்கள் என்பார்கள். எருமையில் நான்கு பேர் இருப்பார்கள், கொசுவில் ஒருவன்தான். எருமைக்கு வேகமும் கிடையாது, சட்டென்று திரும்பவும் வராது. எதிரி வந்தால் அதற்கு இரண்டே வழி. மேகம் இருந்தால் உள்ளே புகுந்து ஒளிந்துகொள்ளலாம். இல்லையென்றால் கொசுக்களை நம்பி, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நேராகப் பறக்கலாம். ஒளிவதா நேராகப் போவதா என்பதைச் சட்டென்று முடிவு செய்துவிட வேண்டும். தப்பாக முடிவு செய்தால் அடுத்த முடிவு எடுக்க ஆள் இருக்காது.

திரும்பும் வழியில் ஓர் ஆற்று வளைவு உண்டு. அதைத் தாண்டிவிட்டால் நம் பீரங்கிகள் காக்கும் இடம். எங்கள் பெட்ரோல் டாங்கியோ சின்னது. அதனால் அங்கே எருமைகளை விட்டுவிட்டு நாங்கள் முந்திக்கொண்டு வந்து இறங்கிவிடுவோம். அப்போது ரேடியோவில் சொல்ல வேண்டிய சொல் ‘பிரிகிறோம்’. சட்டப்படி அதுதான். ஆனால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறக்கிறவன் வாயில் அந்தச் சொல் வருமா? வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் யாரும் போகிறேன் என்பதில்லை, வருகிறேன் என்றுதான் சொல்கிறோம். அந்தப் பழக்கம் மேலேயும் ஏறிவிட்டது. வளைவு தெரிந்ததும் அத்தான் “வரோம்” என்பார். எருமைகளின் தலைவர் “வாங்க, வாங்க” என்பார். மேலதிகாரிகளுக்கும் இது தெரியும். அவர்களும் வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டுத்தானே வேலைக்கு வருகிறார்கள், அதனால் கண்டுகொள்ளவில்லை.

எருமைகளின் தலைவரை எல்லோரும் வாத்தியார் என்போம். நிஜமாகவே கணக்கு வாத்தியார்தான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் போருக்கு வந்தவர். ரேடியோவில் பேசும்போதுகூடக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். எங்களோடு பேசும் ரேடியோ அவர் விமானத்தில் மட்டும்தான் இருந்தது. மற்ற மூன்று எருமைகளும் அவரைப் பார்த்து அவர் செய்வதைச் செய்யும். அவர் விமானத்தின் வாலில் உட்கார்ந்து துப்பாக்கி சுடுகிறவனுக்கு வால் என்று பெயர். உட்காரும் இடத்தால் வந்த பெயர் என்பார்கள். அவனோடு ஐந்து நிமிடம் பேசினால், உட்காராவிட்டாலும் அதே பெயர்தான் வந்திருக்கும் என்று தெரியும். என்னை ஊசி என்பார்கள். ஒல்லி என்பது ஒரு காரணம். என் வாயும் ஒரு காரணம்.

ஆறு கொசுக்களுக்கும் அத்தான்தான் தலைவர். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனிதர் என்றுதான் நானும் நினைத்தேன். அவருடைய சிரிப்பும், தாராளமும், யாரைப் பார்த்தாலும் தோளில் கை போடுகிற குணமும் பிடித்துப்போய், அவரை முதன்முதலில் வீட்டுக்குக் கூட்டிவந்ததே நான்தான். அக்காவுக்கும் பிடித்துப்போயிற்று. அப்பா அம்மா இல்லாத வீட்டில் எனக்கு எல்லாமாக இருந்தவள் அக்கா. கல்யாணத்துக்குப் பிறகும் நான் அவர்கள் வீட்டிலேயே ஓர் அறையில் ஒட்டிக்கொண்டேன். போர் வந்ததும் அக்காவும் விமானத் தளத்திலேயே ரேடியோ அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். காதில் இரண்டு கருப்புக் கிண்ணங்களை மாட்டிக்கொண்டு, நாங்கள் மேலே பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். புருஷனும் தம்பியும் ஒரே கம்பியில் என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்களாம்.

அன்றைக்கு ஒரு ரயில் பாலம். காலையில் ஓடுபாதை ஓரம் நின்று வாத்தியார் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

“ஊசி, இன்னிக்கு நீதான் எனக்கு ஒட்டுக்காவலா?” என்றார்.

“ஆமா சார். உங்க வலது பக்கம் ஒட்டிக்கிட்டே வரேன். விரட்டினாலும் போக மாட்டேன்.”

“விரட்டற அளவுக்கு எருமைக்கு வால் நீளம் பத்தாதுப்பா.”

வால் பின்னாலிருந்து, “என்னைய பத்தியா சார் பேசறீங்க?” என்று கேட்டான். வாத்தியார் திரும்பாமலே, “உன்னப் பத்திப் பேச நேரம் பத்தாது, ஏறு” என்றார். நான் சிரித்துக்கொண்டே என் விமானத்துக்குப் போனேன். அத்தான் தோளில் தட்டி, “அக்காவுக்கு நான் பதில் சொல்லணும்டா, ஓவரா பண்ணாத” என்றார். எப்போதும் சொல்வதுதான்.

போகிற வழியிலேயே எங்களில் ஒரு விமானத்துக்கு எஞ்சின் தும்ம ஆரம்பித்துத் திரும்பிப் போய்விட்டது. மீதி ஐந்து. நான் வாத்தியாருக்குப் பக்கத்தில். அத்தானும் மற்ற மூன்று பேரும் வெகு உயரத்தில், பின்னால். அப்படி நிற்பதுதான் முறை. எதிரி பாய்ந்தால் ஒட்டுக்காவல்காரன் அவன் முகத்துக்கு நேரே போய்க் கலைத்துவிட வேண்டும், மேலே இருப்பவர்கள் இறங்கி அவன் முதுகில் விழ வேண்டும். முகத்துக்கு நேரே போகிறவன் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டான். பார்க்க வேண்டியதும் இல்லை. வீட்டில் நடு அறையில் படுத்துத் தூங்குகிறவன் கதவு சாத்தியிருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்ப்பானா?

பாலம் விழுந்தது. முதல் குண்டு ஆற்றில், இரண்டாவது கரையில், மூன்றாவது நடுத்தூணில். வாத்தியார் ரேடியோவில், “விடை சரி” என்றார். நாங்கள் திரும்பினோம். ரப்பர் முகமூடிக்குள் என் மூச்சுக்காற்றே எனக்கு நாற்றமெடுத்தது. குளிரில் கால்விரல்கள் இருக்கின்றனவா என்று அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டேன். கீழே வெள்ளை மெத்தை போட்டாற்போல் ஒரே மேகம். ஆற்று வளைவு வர இன்னும் நல்ல தூரம் இருந்தது.

அப்போதுதான் சூரியனுக்குப் பக்கத்தில் புள்ளிகள் தெரிந்தன. முதலில் கண்ணாடியில் ஒட்டிய தூசி என்று நினைத்தேன். தூசி இறக்கையைச் சாய்க்காது.

வாத்தியாரும் பார்த்துவிட்டார். “கொசு, இடது பக்கம் மேல. நிறைய ஆளு. கீழ நல்ல மேகம் இருக்கு. உள்ள போயிடட்டுமா, இல்ல நீங்க வரீங்களா?”

கேள்வி இதுதான். ஒரு எழுத்துகூட நான் மாற்றவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இப்படியே சொல்வேன்.

கொஞ்ச நேரம் ரேடியோவில் கரகரவென்ற சத்தம் மட்டும். அப்புறம் அத்தானின் குரல்.

“வரோம்.”

“வாங்க, வாங்க” என்றார் வாத்தியார். எருமைகள் நான்கும் ஒன்றையொன்று நெருங்கி, கோடு போட்டாற்போல் நேராகப் பறந்தன. நான் மூக்கை உயர்த்தி, எஞ்சினை முழுதாகத் திறந்து, அவர்கள் முகத்துக்கு நேரே போனேன்.

பத்துப் பேர் இருப்பார்கள். நான் ஒருவன் நேரே வருவதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஒரே ஆள் இவ்வளவு திமிராக வந்தால் பின்னால் கூட்டம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். விசையை அழுத்தினேன். விமானம் முழுக்க உதறியது. வெடிமருந்து எரிந்த நாற்றம் முகமூடியைத் தாண்டி வந்தது. முன்னால் வந்தவனின் எஞ்சினிலிருந்து கரும்புகை கிளம்ப, அவன் சாய்ந்து விலகினான். இரண்டு பக்கமும் அவர்கள் சிதறினார்கள். என் மனசுக்குள் ஒரு துள்ளல். இப்போது அத்தான் விழுவார், இப்போது விழுவார் என்று ஒரு கணம் மேலே பார்த்தேன்.

மேலே நீலம் மட்டும் இருந்தது.

சிதறியவர்கள் வட்டம் போட்டு எருமைகளின் பின்னால் வந்தார்கள். நான் திரும்பி அவர்கள் பின்னால் போனேன். என் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள். வாத்தியாரின் குரல் கேட்டது. அவசரமே இல்லாத குரல்.

“ஊசி, உங்க ஆளுங்க எங்கப்பா?”

“வராங்க சார். வரோம்னு சொன்னாரே.”

“அப்ப நேராவே போறேன்.”

என் வாயால் சொன்னேன். அத்தான் தன் சொல்லை விட்டுவிட்டுப் போனார், அதற்குக் காவல் நின்று அவருக்காக உத்தரவாதம் கொடுத்தவன் நான்.

வலது ஓரத்தில் இருந்த எருமையின் இறக்கையில் தீப்பிடித்தது. அது கொஞ்ச தூரம் வரிசையை விடாமலே பறந்தது, அப்புறம் தலைகுப்புறச் சாய்ந்தது. நான் ஒருவனை விரட்டினால் இன்னொருவன் வருகிறான். ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு நான்கு பக்கம் எரியும் வீட்டை அணைப்பதுபோல் ஓடினேன். குடத்திலும் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. “அத்தான், எங்க இருக்கீங்க? அத்தான்!” என்று கத்தினேன். பதில் இல்லை. என் இருக்கைக்குப் பின்னால் படபடவென்று ஏதோ துளைத்தது. அதற்குப் பிறகு காதில் இரைச்சல்கூட இல்லை. ரேடியோ செத்துவிட்டது என்று புரிந்தது, ஆனாலும் வாய் நிற்கவில்லை. என்னென்னவோ கத்தினேன்.

வாத்தியாரின் விமானம் கண்ணெதிரே எரிந்தது. அவர் கடைசிவரைக்கும் நேராகத்தான் போனார். வாலில் இருந்த துப்பாக்கி மட்டும் சுட்டுக்கொண்டே இருந்தது. விமானம் மேகத்துக்குள் விழுகிற வரைக்கும் வால் சுடுவதை நிறுத்தவில்லை. யாரும் குதிக்கவில்லை. தலைவர் போனதைப் பார்த்த பிறகுதான் மிச்சமிருந்த இரண்டு எருமைகளும் தாமாகவே மேகத்துக்குள் பாய்ந்தன. கண் இமைக்கும் நேரத்தில் ஒளிந்துவிட்டன. அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு சுலபமாக இருந்தது அந்த மேகம்.

நானும் அதற்குள்தான் விழுந்து தப்பித்தேன்.

தளத்தில் இறங்கியபோது அத்தானின் விமானமும் மற்ற மூன்றும் வரிசையாக, அழகாக நின்றன. ஒரு கீறல் இல்லை. இறங்கி, இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரேடியோ அறையிலிருந்து அக்கா ஓடி வந்தாள். காதுக் கிண்ணம் கழுத்தில் தொங்க, அறுந்த கம்பி பின்னால் இழுபட, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். தம்பி பிழைத்து வந்த சந்தோஷம் என்று நினைத்து நான் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

அத்தான் ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, “வந்துட்டியா! உன்னைக் காணோம்னு உயிரே போச்சுடா” என்று தோளில் கை போட வந்தார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

“வரோம்னு சொன்னீங்களே அத்தான்.”

“ஆமா, சொன்னேன்.”

“ஏன் வரல?”

அவர் என்னைப் புரியாதவர் மாதிரி பார்த்தார். மற்ற மூன்று பேரும் சுவரையும் தரையையும் பார்த்தார்கள்.

“என்னடா பேசற? வரோம்னா கிளம்பறோம்னுதானே? எதிர்க்காத்து, பெட்ரோல் குறைஞ்சிடுச்சு. சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். அவரும் வாங்க வாங்கன்னாரு. வழக்கமா சொல்றதுதானே?”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவ்வளவு சாமர்த்தியமான பதில். வாத்தியாரே வந்தாலும் அதில் பிழை கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். மேல் உதட்டில் வேர்வை. மனிதர் பயந்திருக்கிறார். சூரியனுக்குப் பக்கத்தில் பத்துப் புள்ளிகளைப் பார்த்ததும் ஓடத்தான் தோன்றியிருக்கிறது. பயப்படுவது குற்றமே இல்லை, எனக்கும் தினமும்தான் பயம். ‘முடியாது, நீங்க மேகத்துக்குள்ள போயிடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். எட்டுப் பேரும் வீட்டுக்கு வந்திருப்பார்கள். அதைச் சொன்னால் பயந்தது தெரிந்துவிடும். அதனால் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கூடிய ஒரு சொல்லை, கொஞ்ச நேரம் யோசித்து, பொறுக்கி எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

“அவர் கேள்வி கேட்டாரே. நீங்க வரீங்களான்னு கேட்டாரே.”

“கேள்வியா? எனக்கு ஒண்ணும் கேக்கல. உங்களுக்குக் கேட்டுச்சா?” என்று மூன்று பேரையும் கேட்டார்.

இரைச்சலாக இருந்தது என்றான் ஒருவன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை என்று சொல்ல மாட்டேன், குற்றம்தான். அவர் பின்னாலேயே போய்ப் பிழைத்தவர்கள் அவர்கள். அவர் சொன்னது தப்பு என்றால் அவர்கள் பிழைத்ததும் தப்பு.

“என் டாங்கியைத் திறந்து பாருங்க. அவ்வளவு சண்டை போட்டுட்டு வந்திருக்கேன், இன்னும் கால்வாசி இருக்கு” என்றேன்.

“ஒவ்வொரு எஞ்சினும் ஒவ்வொரு மாதிரி குடிக்கும்டா” என்றார் அத்தான், தோளில் கை போட்டு. இந்தத் தடவை கையைத் தட்டிவிடவும் எனக்குத் தெம்பில்லை.

விஷயம் இதோடு முடிந்திருந்தால்கூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. ஆனால் செத்தவர்களின் வீடுகளில் ஒரு கேள்வி கிளம்பிவிட்டது. காலுக்குக் கீழே அவ்வளவு மேகம் இருந்தும் வாத்தியார் ஏன் ஒளியவில்லை? காவல் கிளம்பிவிட்டது என்று தெரிந்தும் மடையன் மாதிரி ஏன் நேராகப் போனார்? எட்டுப் பேரைக் கொன்றது எதிரியா, அவருடைய வீம்பா?

வாத்தியாரின் மனைவி என்னைத் தேடித் தளத்தின் வாசலுக்கு வந்தாள். அவளும் அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க பக்கத்துல பறந்தீங்களாமே?” என்றாள்.

“ஆமாங்க.”

“வாலோட அம்மா வீட்டுக்கு வந்தாங்க. ஒண்ணும் திட்டல. ‘உன் வீட்டுக்காரருக்கு அவ்வளவு பெரிய மேகம் கண்ணுக்குத் தெரியலையாம்மா?’ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? அதை மட்டும் சொல்லுங்க.”

“விசாரணை நடக்கப்போகுது. பதில் அங்க வரும். கேட்டவங்க நான் ஒருத்தன் மட்டும் இல்ல, ரேடியோ அறையிலயும் கேட்டிருக்காங்க” என்றேன். எவ்வளவு தெம்பாகச் சொன்னேன் தெரியுமா? அன்றைக்கு ரேடியோ அறையில் எங்கள் கம்பியைக் கேட்டது என் அக்கா மட்டும்தான். என் அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சின்ன வயசில் நான் கண்ணாடியை உடைத்துவிட்டு அவளைப் பொய் சொல்லச் சொன்னால், வாயைத் திறப்பதற்குள் காது சிவந்துவிடும்.

அன்று சாயங்காலமே அவளிடம் கேட்டேன். அத்தான் குளித்துக்கொண்டிருந்தார். “அக்கா, வாத்தியார் கேட்டது உனக்குக் கேட்டுச்சுல்ல?”

“நான் கேட்டதைச் சொல்லுவேன்டா” என்றாள். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. அந்தச் சட்டை அத்தானுடையது.

விசாரணை உணவுக்கூடத்தில் நடந்தது. மேஜைகளை ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் நடுவில் போட்டு, பச்சைத் துணி விரித்திருந்தார்கள். சமையலறையில் பாத்திரம் விழுகிற சத்தம் அடிக்கடி வந்தது. விசாரித்தவர் வயதான அதிகாரி, தொண்டைக்கு மிட்டாய் சப்பிக்கொண்டே பேசினார். நியாயமான மனிதர்தான், அதையும் சொல்ல வேண்டும். அத்தானை முழுசாகப் பேசவிட்டார், என்னையும் முழுசாகப் பேசவிட்டார். மூன்று பேரின் இரைச்சலையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தப்பி வந்த இரண்டு எருமைகளின் ஆட்கள், தலைவர் ஒளியச் சொல்லி இறக்கையை அசைக்கவே இல்லை, அதனால் ஒளியவில்லை என்றார்கள். அது உண்மைதானே.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

“நீங்க அவருக்கு மனைவி, இவருக்கு அக்கா. ரெண்டு பக்கமும் உறவு. அதனால உங்க பேச்சைத்தான் நான் நம்பப்போறேன். காவல் தலைவர் பேசறதுக்கு முன்னால, குண்டு விமானத் தலைவர் ஏதாவது கேள்வி கேட்டாரா?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அத்தானையும் பார்க்கவில்லை. பச்சைத் துணியைப் பார்த்தாள்.

“இல்லைங்க. கேள்வி எதுவும் கேக்கல. ‘பெட்ரோல் குறைவா இருக்கு, போயிட்டு வரோம்’னு இவர் சொன்னார். ‘சரி, வாங்க’ன்னு அவர் சொன்னார். அவ்வளவுதான்.”

ஒரு கேள்வியைக் கழித்தாள். ஒரு பெட்ரோலைக் கூட்டினாள். ‘வரோம்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு ‘போயிட்டு’ சேர்த்தாள். கணக்கு வாத்தியாரின் கணக்கு அத்தோடு முடிந்தது. நான் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடியை இழுத்துக் காதை மூடிப் பின்னியிருந்தாள். அவள் ஒருநாளும் அப்படிப் பின்ன மாட்டாள்.

“அக்கா!” என்று எழுந்தேன். உட்காரச் சொன்னார்கள்.

தீர்ப்பு மறுநாள் வந்தது. காவல் விலகுவது தெளிவாகத் தெரிவிக்கப்பட்டும் மேகத்தில் ஒளியாதது குண்டு விமானத் தலைவரின் பிழை. தலைவருடன் திரும்பாமல் தனியாகச் சண்டைக்குப் போனது என் பிழை. இளவயது, உணர்ச்சிவசம் என்று மன்னித்து, புது விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து ஓட்டி வரும் வேலைக்கு என்னை மாற்றினார்கள். அத்தானுக்கு அலுவலகத்தில் மேஜை வேலை கொடுத்தார்கள், பதவி உயர்வோடு. இனி அவர் பறக்க வேண்டியதில்லை.

பெட்டியை எடுக்க மதியம் வீட்டுக்குப் போனேன். அத்தான் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன். அக்கா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தது நான் என்று தெரிந்தும் கை நிற்கவில்லை. நான் என் அறையில் துணிகளைத் திணித்து, பெட்டியை மூடி, அது மூடவில்லை என்று அதன்மேல் உட்கார்ந்து, திரும்பவும் மூடினேன். அப்படியே போய்விடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. சமையலறை வாசலில் போய் நின்றேன்.

“ஏன்க்கா?”

“உண்மையைச் சொன்னா அவரைச் சுட்டுடுவாங்கடா. இல்லன்னா ஆயுசுக்கும் ஜெயில். செத்தவங்க செத்துட்டாங்க. அவங்களைத் திருப்பிக் கொண்டு வர முடியுமா? எனக்குன்னு இருக்கறது அவர்தான்.”

“நான் இல்லையா?”

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்ன இருந்தாலும் அவள் என் அக்கா, எனக்கும் அவள் ஒருத்திதான் மிச்சம். அவளை மன்னிக்க ஏதாவது ஒரு சின்னப் பிடி கிடைக்காதா என்று தவித்தேன். அதனால் நானே தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

“சரி விடு. என் ரேடியோ செத்துப்போச்சு. நான் கூப்பிட்டது அத்தானுக்குக் கேட்டிருந்தா திரும்பி வந்திருப்பார், இல்ல? நான் தனியா மாட்டிக்கிட்டேன்னு தெரிஞ்சிருந்தா விட்டுட்டு வந்திருக்க மாட்டார், இல்லக்கா?”

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். விசாரணையில் அவ்வளவு சரளமாகப் பொய் சொன்னவள், எனக்காக இந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். நான் அதை நம்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

“உனக்குக் கேக்கறதுதான் நின்னு போச்சு. நீ பேசினது எங்களுக்குக் கேட்டுச்சு” என்றாள். “தம்பி கூப்பிடறான், திரும்புங்கன்னு நான் கத்தினேன். கேக்குது, கேக்குதுன்னு அவர் சொன்னார். சொல்லிக்கிட்டே வந்துக்கிட்டிருந்தார்.”

நான் பெட்டியை எடுக்கத் திரும்பினேன்.

“கடைசியில நீ அத்தானைக் கூப்பிடலடா” என்றாள். “அக்கா, அக்கான்னுதான் கத்தின. என்னால தாங்க முடியாம கம்பியைப் பிடுங்கிட்டேன்.”